புள்ளிக்கோட்டுப் பெட்டி

என் அன்பான, என் பொறுமையைக் கடைசிவரை சோதித்த மனிதருக்கு,

என்னங்க, நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். போய்ச் சேர்ந்தவரிடம் அதை எப்படிக் கேட்பது என்று எனக்கு விளங்கவில்லை. அதனால் நேராகச் சண்டைக்கு வருகிறேன். ஒரு மனிதர் தன் கையாலேயே ஒரு ரேடியோ கட்டுகிறார். அதற்கு ஒரு டிராயிங்கும் போடுகிறார். அதை இன்னொரு மனிதப் பிறவி என்றைக்காவது படிக்க வேண்டியிருக்கும் என்ற நினைப்பு கொஞ்சமாவது வேண்டாமா?

நான் ஒன்றும் டிராயிங் தெரியாதவள் இல்லை. இருபத்திரண்டு வருடமாக மின்சாரப் பேனல் செய்யும் கம்பெனியில் இருக்கிறேன், ஒயரிங் பிரிவுக்கு நான்தான் சூப்பர்வைசர். நாற்பது பக்க டிராயிங்கை மேசையில் போட்டால், டீ ஆறுவதற்குள் எந்த ஒயர் எந்த டெர்மினலுக்குப் போகிறது என்று சொல்லிவிடுவேன். புதிதாக வரும் பெண்கள், மேடத்துக்குக் கனவிலும் ஒயர் நம்பர்தான் வரும்போல என்று என் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். அப்படிப்பட்ட என்னை உங்களுடைய ஒரே ஒரு தாள் மூன்று வாரம் பைத்தியம் பிடிக்க வைத்துவிட்டது.

ஏன் இப்போது அதைக் கையில் எடுத்தேன் என்று கேட்பீர்கள். சொல்கிறேன், உங்களுக்குத் தெரியாத கதை இது.

உங்களைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோன அன்று காலையில், வீட்டு செட்டில் ஊர்விட்டு ஊர் பேசிக்கொள்ளும் உங்கள் ஹாம் ரேடியோ கூட்டாளிகள் காற்றில் உங்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அது அவர்கள் வழக்கமாம். ஒருவர் போய்விட்டால், காற்றில் அவருக்குப் பெயராக இருக்கும் கால் சைனை மூன்று தடவை சொல்லி அழைத்துவிட்டு, பதிலுக்குக் காத்திருப்பார்களாம். பதில் வராது என்று தெரிந்தும் காத்திருப்பார்களாம். பிறகு எல்லோரும் ஒரு நிமிடம் மைக்கைத் தொடாமல் உட்கார்ந்திருப்பார்களாம்.

இதை அந்தக் கூட்டாளிகளில் ஒருவரான ராயக்கோட்டை முனிராஜு ஏழாம் நாள் வந்தபோது சொன்னார். தக்காளி மண்டியில் இருந்து நேராக வந்தவர், கால்சட்டையெல்லாம் மண். அவர் சொல்லச் சொல்ல எனக்கு வயிறு எரிந்தது. ஊர் பேர் தெரியாதவர்கள் எல்லாம் உங்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள், அதைக் கேட்க நான் மட்டும் இல்லை. இருபத்தாறு வருடம் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் சமைத்தவள் நான். முனிராஜு என் முகத்தைப் பார்த்துவிட்டார்.

"வருசம் திரும்பற ஞாயித்துக்கெழம இன்னொரு தரம் கூப்புடறோம்கா. நீங்க அண்ணன் செட்லயே கேளுங்க," என்றார்.

அதே மூச்சில் இன்னொன்றும் சொன்னார். காற்றில் பேச உரிமம் வைத்திருந்தவர் போன பிறகு, உரிமம் இல்லாத வீட்டில் பேசுகிற செட்டை வைத்திருக்கக் கூடாதாம். காகித வேலைகளை முடிக்கத் தனக்குக் கொஞ்ச காலம் பிடிக்கும், அதற்குள் அந்த ஞாயிறும் வந்துவிடும், அன்று மதியம் தானே வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றார். ஆக, உங்கள் பெட்டியில் உங்கள் பெயரைக் கேட்க எனக்குக் கிடைத்தது அந்த ஒரு காலைதான். அதை விட்டால் அடுத்தது கிடையாது.

மூன்று வாரத்துக்கு முன்னால், இருக்கிறதா செத்ததா பார்ப்போம் என்று பேட்டரியை மாட்டி சுவிட்சைத் தட்டினேன். கட்டை மாதிரிக் கிடந்தது. விளக்கும் இல்லை, சத்தமும் இல்லை. முனிராஜுவுக்குப் போன் போட்டேன். அவருக்குத் தக்காளி வரத்து உச்சத்தில் இருந்த நேரம், மண்டியில் லாரி வரிசை கட்டி நிற்கிறது, ராயக்கோட்டையை விட்டு அசைய முடியாது. ஆனால் ஒரு வார்த்தை சொன்னார் பாருங்கள், அண்ணன் டிராயிங் இருக்குமே, நீங்கள் பார்க்காத டிராயிங்கா என்று. அது என் மண்டையில் ஏறிவிட்டது. யாரும் வர வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். என் வாய் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும்.

டிராயிங்கை எங்கே வைத்திருந்தீர்கள்? பேட்டரி சார்ஜர் வந்த அட்டைப் பெட்டிக்குள், எட்டாக மடித்து. எதில் போட்டிருந்தீர்கள்? பழைய மாதக் காலண்டர் தாளின் பின்பக்கம். தாளைத் திருப்பினால் தவக்காலம், குருத்து ஞாயிறு, கரண்ட் பில் கட்டிய தேதி. இந்தப் பக்கம் நீல மை, சிவப்பு மை, பென்சில், நடுவில் காபி டம்ளர் வைத்த வட்டம். எங்கள் கம்பெனிக்கு இப்படி ஒரு தாள் வந்தால், வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பேன்.

முதல் நாள் சாயந்திரம் ஷிஃப்ட் முடிந்து வந்து, கை கால் கழுவிவிட்டு உட்கார்ந்தேன். தாளில் எங்கே பார்த்தாலும் இரண்டு குட்டிக் கோடுகள் எதிரெதிராக நின்றன. எங்களிடம் வரும் கன்ட்ரோல் டிராயிங்கில் அப்படி இரண்டு கோடு நின்றால் அது ரிலே சுவிட்சின் கான்டாக்ட். ரிலே இழுத்தால் மூடும், விட்டால் திறக்கும். எண்ணிப் பார்த்தேன், முப்பத்தொன்று இருந்தது. முப்பத்தொரு கான்டாக்ட் என்றால் செட்டுக்குள் ஏழெட்டு ரிலேயாவது இருக்க வேண்டும். மூடியைக் கழற்றிக் கவிழ்த்துப் பார்த்தேன், நிமிர்த்திப் பார்த்தேன், ஒரே ஒரு ரிலேதான் இருந்தது. மீதி எல்லாம் எங்கே போயிற்று? ரிலேயைக் கழற்றி எவனுக்கோ தானம் கொடுத்துவிட்டீர்கள் என்று உங்களை ஒரு மூச்சு திட்டித் தீர்த்தேன். நீங்கள் அப்படிச் செய்யக்கூடியவர்தானே.

மறுநாள் தாளைப் போட்டோ எடுத்து முனிராஜுவுக்கு அனுப்பினேன். அவர் லாரிக்காரர்களோடு கன்னடத்தில் கத்திக்கொண்டே நடுவில் என்னிடம் தமிழில் சிரித்தார். அதெல்லாம் கெபாசிட்டராம். கெபாசிட்டர் எனக்குத் தெரியாதா? எங்கள் டிராயிங்கில் அதில் ஒரு கோடு வளைந்திருக்கும், ஒரு வளைவு போட்டால் உங்கள் பேனா தேய்ந்துவிடுமா? நேர்க்கோடு போட்டு ஒருத்தியின் ஒரு சாயந்திரத்தைத் தின்றுவிட்டீர்கள்.

சரி போகட்டும் என்று மேலே போனேன். ஒரு வட்டம், அதற்குள் பெருக்கல் குறி. எங்களிடம் அது இண்டிகேட்டர் விளக்கு. பேனல் கதவில் சிவப்பாகவோ பச்சையாகவோ எரியும். உங்கள் செட்டின் முகப்பில் ஒரு விளக்கு இருக்கிறது, அதுதான் இது என்று அதன் ஒயரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனால், தாளில் ஒரு பாதை, செட்டில் வேறு பாதை. இரண்டு நாள் அந்த விளக்கைச் சுற்றிச் சுற்றி வந்தேன். கடைசியில் அது விளக்கே இல்லையாம், இரண்டு அலையைக் கலக்குகிற மிக்சராம். நாலு டையோடும் இரண்டு காயிலும் இருக்கிற இடத்தை விவரமாக வரையச் சோம்பல்பட்டு, வட்டம் போட்டுப் பெருக்கல் குறி கிழித்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். முகப்பில் உள்ள நிஜ விளக்கைத் தாளில் வரையவே இல்லை. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

எர்த் குறியை என்ன சொல்ல? மூன்று கோடு, ஒன்றுக்குக் கீழே ஒன்று சின்னதாக. அதைப் பார்த்ததும் என் கை தானாக எர்த்துக்கான பச்சை மஞ்சள் ஒயரைத் தேடியது. எங்கள் வேலையில் எர்த்தை விட்டவளுக்கு அன்று என்னிடம் சோறு கிடையாது. உங்கள் பெட்டியில் பச்சை மஞ்சள் ஒயரே இல்லை. நீங்கள் பேட்டரியின் மைனஸையும் பெட்டியின் இரும்புச் சட்டத்தையும் எல்லாவற்றையும் அந்தக் குறியில் கொண்டுபோய்க் கட்டியிருக்கிறீர்கள். பன்னிரண்டு வோல்ட்தானே, யாரும் சாகமாட்டார்கள் என்று நீங்கள் முனகுவது எனக்குக் கேட்கிறது.

ஆனால் எல்லாவற்றையும்விட என்னை அழ வைத்தது புள்ளிதான். இரண்டு ஒயர் குறுக்கே போனால், சேர்கிற இடத்தில் புள்ளி வைக்க வேண்டும், சேராத இடத்தில் வைக்கக் கூடாது. அது உலகத்துக்கே பொது. நீங்களும் வைத்திருக்கிறீர்கள். ஆனால் உங்கள் சிவப்புப் பேனா மை கக்குகிற பேனா. போதாக்குறைக்கு, தாள் ஜன்னலோரத்தில் கிடந்த காலத்தில் ஈக்களும் தங்கள் பங்குக்குப் புள்ளி வைத்திருக்கின்றன. எது நீங்கள் வைத்தது, எது பேனா வைத்தது, எது ஈ வைத்தது? நாற்பத்தெட்டு வயதில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து ஈ எச்சத்தை ஆராய்ச்சி செய்யும் நிலைக்கு என்னைக் கொண்டுவந்துவிட்டீர்கள்.

மல்டிமீட்டரை எடுத்தேன். ஒவ்வொரு புள்ளியாக இரண்டு முனையையும் தொட்டுப் பார்த்தேன். பீப் என்றால் நிஜப் புள்ளி, சத்தம் வராவிட்டால் மைத்துளி என்று பென்சிலால் குறித்துக்கொண்டே வந்தேன். ரிலேக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி, சத்தம் வரவில்லை. மை என்று அடித்துவிட்டு நாலு நாள் வேறு எங்கெங்கோ தேடினேன். அப்புறம் ஒரு நாள் பஸ்ஸில் வரும்போது, அது மை என்றால் அந்த ரிலேக்குக் கரண்ட் எங்கிருந்து வரும் என்று தோன்றியது. வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் போய்ப் பார்த்தேன். நிஜப் புள்ளிதான், ஒயர்தான் ஈயத்தை விட்டுப் பிரிந்து ஒரு மயிரிழை தள்ளி நின்றது. உங்கள் தாள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது, நான்தான் அதை நம்பவில்லை.

ஈயம் வைத்துப் பற்ற வைத்தேன். சுவிட்சைத் தட்டினேன். முகப்பு விளக்கு எரிந்தது, ஸ்பீக்கரில் இரைச்சல் வந்தது. உங்களுக்கு அது வெறும் இரைச்சல். எனக்கு நீங்கள் காலையில் பல் துலக்கிவிட்டு வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. அது புதன்கிழமை. நான்கு நாள் மீதி இருக்கிறது, ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

எங்கே ஜெயித்தேன்? குரல் வந்தது, ஆனால் மனுசக் குரலாக வரவில்லை. யாரோ பேசுகிறார்கள் என்று குமிழைத் திருப்பிச் சரிபண்ணினால் இரண்டு வார்த்தை தெளிவாக வரும், மூன்றாவது வார்த்தைக்கு வாத்துக் குரலாகிவிடும். மறுபடி திருப்ப வேண்டும், மறுபடி நழுவும். கையைப் பக்கத்தில் கொண்டுபோனாலே கீச்சென்று ஏறியது, எடுத்தால் முக்கலாக இறங்கியது. பேட்டரியை மாற்றினேன். மொட்டை மாடிக்குப் போய் ஏரியல் கம்பியை இழுத்துக் கட்டினேன். தாளை மறுபடி முழுவதும் ஒப்பிட்டேன், ஒரு இடம்கூடத் தப்பில்லை. முனிராஜுவைக் கேட்டிருக்கலாம். நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்ன வாய் கேட்க விடவில்லை. வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் இப்படியே போயிற்று.

சனிக்கிழமை ஜெனி பெங்களூரில் இருந்து வந்தாள். நான் தலைவிரிகோலமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து உங்கள் மகள் என்ன சொன்னாள் தெரியுமா? முனிராஜு மாமா அங்கே ரெக்கார்ட் பண்ணி போனில் அனுப்பிவிடுவார், நாம் பொறுமையாகக் கேட்கலாம் என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. ஆனாலும் கத்திவிட்டேன். ரெக்கார்டில் கேட்பது நடந்து முடிந்த ஒன்று. அவர்கள் கூப்பிடுகிற நேரத்தில், நீங்கள் பதில் சொல்லாமல் இருக்கிற அந்த நேரத்தில் நான் அங்கே இருக்க வேண்டும். அதை அவளுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. எட்டு மணிக்குக் காற்றில் அவர்கள் கூட்டம், பத்து மணிக்குக் கோவிலில் உங்கள் வருடப் பூசை. ஏழு மணிக்கு வெளியே தூறல், செட்டுக்குள் வாத்து. என் வீம்பெல்லாம் வடிந்துவிட்டது. முனிராஜுவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

"வி.எஃப்.ஓ. ஓடுதுக்கா," என்றார். அலைவரிசையைப் பிடித்து வைக்கிற பகுதி அதுதானாம். "அது மேல பொட்டி ஒண்ணு இருக்கணுமே, இல்லியா?"

"பொட்டியெல்லாம் ஒண்ணுமில்ல. நீங்கதான் டிராயிங்க பாத்தீங்களே," என்றேன்.

"போட்டோல எனுக்குத் தெரிலக்கா. பென்சில்ல போட்டிருப்பாரு. அந்த எடத்த சுத்தி கோடு விட்டு விட்டு இருக்குதா பாருங்க."

பார்த்தேன். இருந்தது. மூன்று வாரமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அந்தக் காயிலையும் இரண்டு டிரான்சிஸ்டரையும் சுற்றி, மெல்லிசான பென்சிலில், விட்டு விட்டு ஒரு சதுரம். அதன் ஒரு மூலையில் இருந்து எர்த் குறிக்கு ஒரு கோடு. எங்கள் கம்பெனியில் புள்ளிக்கோடு போட்டால், இது இப்போது கிடையாது, பின்னால் வரும், வாடிக்கைக்காரர் பார்த்துக்கொள்வார், நீ தொடாதே என்று அர்த்தம். பேனலில் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்போம். நீங்கள் ஏதோ பின்னால் சேர்க்க நினைத்து, சேர்க்காமலே போய்விட்டீர்கள் என்று நானும் பார்த்த முதல் நாளே தாண்டிவிட்டேன். அந்த ஒன்றுக்காக மட்டும் உங்களைத் திட்டவும் இல்லை, பாவம் என்று நினைத்தேன்.

உங்கள் ஆட்களிடம் அதற்கு அர்த்தம் வேறாம். அது பின்னால் வருவது இல்லை, இருந்தே ஆக வேண்டியது. உள்ளே இருப்பதை வெளியே இருக்கும் கை, காற்று, சூடு எதுவும் அசைக்காமல் இருக்க, சுற்றி ஒரு தகரக் கூடு.

"அண்ணன் எதாச்சும் டப்பாவ வெட்டித்தான் பண்ணியிருப்பாரு. கடசியா காயில் அட்ஜஸ்ட் பண்றன்னு கழட்டி வெச்சிருப்பாரு. டேபிள் மேல எதனா கெடந்துச்சா, நல்லா ரோசன பண்ணுங்க," என்றார் முனிராஜு.

என்னங்க, நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டே திரும்பிப் பார்த்தேன்.

நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது செட் திறந்தபடி கிடந்தது. அடக்கம் முடிந்து வீடு கழுவியபோது மேசையை நான்தான் ஒழித்தேன். ஜெனியின் பால்பவுடர் டின்னை வெட்டி மடித்த சின்னப் பெட்டி ஒன்று அங்கே கிடந்தது. ஒரு பக்கம் மூடி இல்லை, ஓரத்தில் இரண்டு ஓட்டை, பக்கவாட்டில் கொழுகொழு குழந்தையின் பாதி முகம். பிள்ளைக்குப் பால் கொடுத்த டின்னையும் விட்டுவைக்கவில்லையே இந்த மனிதர் என்று முணுமுணுத்துக்கொண்டே, காற்றில் அணையாமல் இருக்கட்டும் என்று உங்கள் படத்துக்கு முன்னால் வைத்து அதற்குள் மெழுகுவத்தி ஏற்றினேன். அன்றில் இருந்து ஒரு நாள் தவறாமல் அதில்தான் ஏற்றுகிறேன். அன்று காலையும் எரிந்துகொண்டிருந்தது.

உங்களுக்காக விளக்கேற்றி விளக்கேற்றியே, உங்கள் செட்டை ஒரு வருடம் ஊமையாக்கி வைத்திருக்கிறேன். மேலே இருந்து பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்கள்? கனவில் வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? என் கனவில் வந்த நாலு தடவையும் சட்டை பட்டனைத்தான் கேட்டீர்கள்.

மெழுகை அணைத்தேன். உள்ளே ஒரு விரல் கனத்துக்கு உறைந்து கிடந்தது. காபிக்குக் கொதித்த தண்ணீரை ஜெனி அதில் ஊற்றி, ஸ்பூனால் சுரண்டினாள். பாதிக் குழந்தையைப் பார்த்து, இது என்னோட டின்னா என்று கேட்டாள், ஆமாம் என்றேன். அப்புறம் அவள் தன் துப்பட்டாவாலேயே மூலை மூலையாகத் துடைத்தாள். ஸ்க்ரூ எங்கே போயிற்றோ தெரியவில்லை. என் ஏப்ரன் பாக்கெட்டில் எப்போதும் நாலு கிடக்கும், கம்பெனி ஸ்க்ரூ. அதில் இரண்டை எடுத்தேன். உங்கள் ஓட்டைக்குக் கச்சிதமாகப் பொருந்தின. அந்த ஓட்டைக்கு அளவு எங்கே எடுத்தீர்கள் என்று அப்போதுதான் புரிந்தது. என் ஏப்ரனைத் துவைக்கப் போடும்போதெல்லாம் ஸ்க்ரூ குறைகிறது என்று எத்தனை தடவை சண்டை போட்டிருக்கிறேன்.

சுவிட்சைத் தட்டி, குமிழைத் திருப்பினேன். முனிராஜுவின் குரல் வந்தது. மனுசக் குரல். கையை எடுத்தேன், அப்படியே நின்றது. கையைப் பக்கத்தில் கொண்டுபோனேன், அசையவில்லை. கடிகாரத்தில் எட்டுக்கு நான்கு நிமிடம் இருந்தது.

ஆனேக்கல்லில் இருந்து ஒருவர் கன்னடத்தில் பேசினார், தருமபுரியில் இருந்து ஒருவர், குருபரப்பள்ளி டீக்கடையில் உங்களோடு மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பாரே அந்தப் பெரியவரும் வந்தார். எல்லோரும் ஒருவரை ஒருவர் சிக்னல் எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டார்கள். இருபத்தாறு வருடம் இந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முகம் தெரியாதவனிடம் என் குரல் தெளிவாக வருகிறதா என்று தினம் கேட்கிற மனிதர், என்னிடம் ஒரு நாள் கேட்டதில்லையே என்று. அன்று பற்றிக்கொண்டு வரவில்லை. எல்லோரும் தெளிவாக வந்தார்கள்.

பிறகு முனிராஜு உங்கள் கால் சைனைச் சொன்னார். ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி, மூன்று தடவை.

இரைச்சல் மட்டும் வந்தது. யாரும் பேசவில்லை. ஜெனி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். மைக் எனக்கு முன்னால்தான் இருந்தது, உங்கள் கட்டை விரல் பட்டுப் பட்டு அந்தப் பட்டன் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. நான் அதை அழுத்தவில்லை. உரிமம் இல்லாமல் அழுத்தினால் நீங்களே எழுந்து வந்து திட்டுவீர்கள். அழுத்தாமலே மைக்குக்குப் பக்கத்தில் குனிந்து சொன்னேன்.

"பாத்துட்டேங்க. எல்லாம் சரியாத்தான் இருக்குது."

ஏன் அதைச் சொன்னேன் என்று உங்களுக்குத் தெரியும். தாளின் வலது மூலையில், எங்கள் கம்பெனி டிராயிங்கைப் பார்த்து அதே மாதிரி ஒரு கட்டம் போட்டிருக்கிறீர்கள். முழுத் தாளிலும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட ஒரே இடம் அதுதான். வரைந்தது என்ற கட்டத்தில் உங்கள் கால் சைன். சரிபார்த்தது என்ற கட்டம் காலி. கண்ணில் பட்டபோதெல்லாம் மேலே போய்விட்டேன், அங்கே நின்றால் வேலை ஓடாது என்று தெரியும். ஊரான் டிராயிங்கெல்லாம் பார்க்கிறாயே, இதையும் ஒரு கண் பார்த்துக் கொடு சகாயம் என்று நீங்கள் மூன்று தடவையாவது கேட்டீர்கள். ஒரு தடவை மாவு அரைத்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவை சீரியல் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னொரு தடவை ஒன்றுமே செய்யாமல்தான் உட்கார்ந்திருந்தேன். மூன்று தடவையும் அப்புறம் என்றேன். நான் சொன்ன அந்த அப்புறம்தான் எங்கள் கம்பெனிப் புள்ளிக்கோடு.

அன்றைக்கே உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இது கான்டாக்ட்டா என்று நான் கேட்டிருப்பேன், நீங்கள் சிரித்திருப்பீர்கள், நான் கோபித்துக்கொண்டு எழுந்து போயிருப்பேன். அரை மணி நேரம்தான் ஆகியிருக்கும். எனக்கு அந்த அரை மணி நேரம் வேண்டும். எங்கே போய் வாங்குவது?

மதியம் பூசை முடிந்து முனிராஜு வந்தார். சாப்பிட்டுவிட்டு, செட்டைப் பழைய போர்வையில் சுற்றித் தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவே வண்டியில் வைத்தார். பால்பவுடர் டின்னும் அதோடு போய்விட்டது. உங்கள் படத்துக்கு முன்னால் இப்போது மெழுகுவத்தி சாசரில் நிற்கிறது. ஜன்னல் காற்றுக்கு இரண்டு தடவை அணைகிறது, நான் இரண்டு தடவை ஏற்றுகிறேன். போகும்போது அவர், அக்கா நீங்களே பரீட்சை எழுதி உரிமம் வாங்கிக்கொள்ளுங்கள், செட்டை அன்றே கொண்டுவந்து இறக்கிவிடுகிறேன் என்றார். பார்க்கலாம் என்றேன். அப்புறம் என்று சொல்லவில்லை, கவனித்தீர்களா?

டிராயிங்கையும் கேட்டார். அதை மட்டும் கொடுக்கவில்லை. இந்தத் தாளை எவன் கையில் கொடுத்தாலும் அவன் என்னைப் போலத்தான் அலைவான். அதனால் ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து, கம்பெனியில் வரைகிற மாதிரி பெரிய தாளில் இதை முழுதாகத் திருப்பி வரைவேன். எந்தக் குறிக்கு என்ன அர்த்தம் என்று ஓரத்தில் தமிழில் எழுதுவேன். வட்டத்தில் பெருக்கல் குறி போட்டு ஏமாற்றாமல் நாலு டையோடையும் வரைவேன். முகப்பு விளக்கைச் சேர்ப்பேன். புள்ளிகளை எண்ணி வைப்பேன், ஈக்களுடையதை விட்டுவிடுவேன். அந்தப் பென்சில் கோட்டுப் பெட்டியை மட்டும் நீங்கள் போட்ட மாதிரியே விட்டு விட்டுத்தான் போடுவேன், ஆனால் அழியாத மையில், கீழே ஒரு வரியோடு: இது பின்னால் வருவது இல்லை, முதலிலேயே இருக்க வேண்டியது.

வரைந்தது என்ற கட்டத்தில் உங்கள் கால் சைன்தான் இருக்கும், அதில் நான் பங்குக்கு வரமாட்டேன். உங்கள் காலண்டர் தாளில் காலியாகக் கிடந்த இன்னொரு கட்டத்தில் நேற்றே கையெழுத்துப் போட்டுவிட்டேன். இதிலும் போடுகிறேன்.

சரிபார்த்தது:
உங்கள் மனைவி,
சகாயமேரி
ஓசூர்